பாறையில் பழுத்த உருண்டை

செம்மலை அடிவாரத்தில் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கரைக் கோரைக்குள் கானாங்கோழிகள் வாழ்ந்தன. ஏரிக்கு மேற்கே வெறும் பொட்டல். அங்கே முயல்கள் வாழ்ந்தன. வடக்கே அத்திமரங்கள் நிறைந்த ஒரு குன்று. அது குரங்குகளின் இடம். மூன்றுக்கும் நடுவில் ஒரு பெரும்பாறை நின்றது. பாறையின் பிளவில் ஓர் உடும்பு குடியிருந்தது. அதன் பெயர் கெட்டியப்பர்.

ஒரு காலத்தில் அந்த மூன்று குடிகளும் ஓயாமல் சண்டையிட்டன. கோடை வந்தால் முயல்கள் தண்ணீருக்காகக் கோரைக்குள் புகுந்து முட்டைகளை மிதித்தன. கானாங்கோழிகள் முயல்களின் கண்ணைக் கொத்தின. குரங்குகள் மரத்தில் இருந்தபடி இரண்டு தரப்பின் மீதும் காயை எறிந்து வேடிக்கை பார்த்தன. செத்தவர் போக மிஞ்சிய பெரியவர்கள் ஒருநாள் பாறையடியில் கூடினார்கள். இனி எல்லோரும் ஒரே கூட்டு என்று முடிவு செய்தார்கள்.

கூட்டின் விதிகள் எளியவை. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு குடியும் தன் விளைச்சலில் ஒரு பங்கைப் பாறைப் பிளவில் சேர்க்க வேண்டும். அதிகம் விளைந்தவர் அதிகம் கொடுக்க வேண்டும். அமாவாசைதோறும் அதை எடுத்துப் பகிர வேண்டும். எந்தக் குடியில் எத்தனை வாய் இருக்கிறதோ அத்தனை உணவு உருண்டை. முயல்கள் தண்ணீர் குடிக்க ஏரியில் ஒரு துறையும் ஒதுக்கினார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. கொடுத்தவர் பெயரை யாரும் சொல்லக் கூடாது. கொடுத்தவன் பெயரைக் கேட்டால் தின்பவன் தொண்டையில் உணவு இறங்காது என்றார்கள் பெரியவர்கள். நல்ல மனத்தோடு செய்த விதிதான். அதன்படி, வந்து சேர்ந்ததையெல்லாம் குரங்குகள் பிளவுக்குள் மறைவாக வைத்துத் தோலுரித்தன, நசுக்கின, ஒன்றாகக் கலந்து உருட்டின. எது தாமரைக்கொட்டை, எது அத்திப்பழம், எது புல்லரிசி என்று தின்பவருக்குத் தெரியாது. உருட்டிய கைக்கு மட்டும் தெரியும். அந்தக் கை தன்மேல் ஒட்டியதை நக்கிக்கொண்டு சும்மா இருந்தது.

காவலுக்கு உடும்பை வைத்தார்கள். பிடித்தால் விடாது என்பதற்காகத்தான் வைத்தார்கள். எதைப் பிடித்தாலும் விடாது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

காலம் ஓடியது. பெரியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். சண்டை மட்டும் திரும்பி வரவில்லை. அந்தவரையில் கூட்டு பிழைத்தது.

ஆனால் ஏரியில் ஒரு புகைச்சல் இருந்துகொண்டே இருந்தது. அந்தப் புகைச்சலுக்குத் தொண்டையார் என்று பெயர்.

தொண்டையார் ஒரு கிழட்டுக் கானாங்கோழி. தாய் வைத்த பெயர் எதுவோ, அது அவருக்கே மறந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் கூட்டங்களில் கத்திக் குரல் கம்மிப்போனதால் ஏரியே அவரை அப்படி அழைத்தது. அவர் பாறையடியில் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். பட்டினி கிடந்திருக்கிறார். ஏரியைச் சுற்றி ஊர்வலம் போயிருக்கிறார். ஒருமுறை கெட்டியப்பரின் வால் வீச்சில் அடிபட்டு, அன்றிலிருந்து இடதுகாலைச் சற்று இழுத்துத்தான் நடப்பார். அந்த நொண்டல் அவருக்குப் பெருமை. ஏரிக்காக உடம்பைக் கொடுத்தவர் வேறு யார் என்று கேட்பார். ஏரிக்காரர்கள் கூட்டத்துக்கு வருவார்கள், தலையாட்டுவார்கள், புழு பொறுக்கப் போய்விடுவார்கள். அது அவருக்குள் கசப்பாக ஊறிக் கிடந்தது.

அவர் எழுப்பிய முழக்கம் ஒன்றே ஒன்றுதான்: "நாங்கள் கேட்பது பிச்சை அல்ல, பங்கு!"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கூட்டிலேயே அதிகம் கொடுத்தது ஏரிதான். தாமரைக்கொட்டை, அல்லிக்கிழங்கு, கோரைக்கிழங்கு என்று சேற்றில் கொத்தி எடுத்துக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பொட்டல் கொடுத்ததோ ஒரு சிறங்கைப் புல்லரிசி. திரும்பி வரும்போது முயல்களுக்கு மலையளவு, ஏரிக்கு மடுவளவு.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. வெகுநாள் முன்பு கெட்டியப்பர் எல்லாக் குடிகளுக்கும் ஒரு புத்திமதி சொன்னார். நிலம் சின்னது, வாய் பெருகினால் தாங்காது, குஞ்சு குட்டிகளைக் குறையுங்கள் என்றார். கானாங்கோழிகள் கேட்டுக்கொண்டன. முட்டைகளைக் குறைத்தன. முயல்கள் கேட்டுக்கொள்ளவில்லை. முயலுக்கு அது கைவராத வித்தை. வருஷம் போகப்போக ஏரியின் வாய்க்கணக்கு சுருங்கியது. பொட்டலின் வாய்க்கணக்கு வீங்கியது. சொன்னதைக் கேட்டவனுக்குத் தண்டனை, கேட்காதவனுக்குப் பரிசா என்று தொண்டையார் பாறையடியில் நின்று கேட்டார். கெட்டியப்பர் நாக்கை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். விதி விதிதான் என்றார்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. தாமரை கருகியது. சேறு இறுகி அலகு நுழையவில்லை. குஞ்சுகள் நிற்கத் தெம்பில்லாமல் தாயின் சிறகடியில் சாய்ந்து கிடந்தன. பாறையிலிருந்து செய்தி மட்டும் வழக்கம்போல் வந்தது. விளைச்சலில் ஒரு பங்கு என்ற விதி எப்போதோ மாறாத அளவாக இறுகியிருந்தது: போன வருஷம் எவ்வளவோ இந்த வருஷமும் அவ்வளவு.

தொண்டையார் பாறைக்குப் போய், இந்த ஒரு வருஷம் குறைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பிளவில் இருப்பதிலிருந்து கொஞ்சம் முன்கூட்டித் தாருங்கள் என்று கேட்டார். கெட்டியப்பர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"வாய்க்கணக்குப்படி வரிசையில வாங்க. உங்களுக்கு ஒரு நியாயம், பொட்டலுக்கு ஒரு நியாயம்னு என்னால வைக்க முடியாது" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மாலை ஏரி கொதித்தது. இதுவரை தலையாட்டிவிட்டுப் போனவர்கள்கூட அன்று போகவில்லை. குஞ்சின் பசி அவர்களைக் கரையில் கட்டிப்போட்டது. இனிப் பாறைக்கு ஒரு கொட்டையும் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. முயல் துறையை முள் போட்டு அடைப்பது என்றும் முடிவாயிற்று. தண்ணீருக்குத் தவித்தால்தான் முயலுக்கும் உடும்புக்கும் உறைக்கும் என்றார்கள். தொண்டையாரின் வாழ்நாளில் அவர் வென்ற முதல் கூட்டம் அதுதான். குரல் கம்மியவர் கோரைத் தாள்மேல் ஏறி நின்று பேசப் பார்த்தார். தாள் வளைந்து அவரைத் தண்ணீரில் இறக்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு மரியாதை அன்று.

முடிவை முயல்களிடம் யார் போய்ச் சொல்வது? எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

வீட்டில் அவர் மனைவி கோரையாள் காய்ந்த கிழங்கைக் கொத்திக்கொண்டிருந்தாள். அவருடைய போராட்டம் எல்லாவற்றையும் பட்டினியோடு கூட இருந்து பார்த்தவள்.

"ஆயுசெல்லாம் முயலைத் திட்டினீங்களே, ஒரு முயல் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தையாவது பேசியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்குப் பேசணும்? நமக்குச் சண்டை பாறையோட."

"பாறையோட சண்டை, முயலுக்கு முள்ளா? நல்லாத்தான் இருக்கு. போயிட்டு வாங்க. பருந்து இருக்கும், மேல பார்த்து நடங்க."

மறுநாள் காலையில் தொண்டையார் பொட்டலில் கால் வைத்தார். உண்மையில் அதுதான் அவருக்கு முதல்முறை. கானாங்கோழி என்பது மறைவில் வாழும் பிறவி. இங்கே மறைவே இல்லை. கல், மண், நடுநடுவே ஆவாரஞ்செடி. தரை சுட்டது. புல் என்று ஒன்று இருந்த இடத்தில் அதன் வேர் மட்டும் இருந்தது. ஏரியின் வறட்சியை நினைத்து அழுதவர், இந்த இடம் எல்லா வருஷமும் இப்படித்தானோ என்று யோசித்தார். யோசித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டு, சொல்ல வேண்டிய வாசகங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி நொண்டி நடந்தார்.

ஆவாரஞ்செடி நிழலிலிருந்து ஒரு தாய்முயல் எட்டிப் பார்த்தது. நெடுஞ்செவி என்று பெயர். சுற்றிலும் குட்டிகள்.

"யாரு, ஏரிக்காரரா? வெயில்ல நிக்காதீங்கண்ணே, உள்ள வாங்க. ஏரிக்காரங்க இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை."

தொண்டையார் விறைப்பாக நின்று, தாம் ஒரு முடிவைத் தெரிவிக்க வந்திருப்பதாகச் சொன்னார்.

"முதல்ல வாயில ஏதாவது போடுங்க. முடிவு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள் நெடுஞ்செவி.

போன அமாவாசையில் வாங்கி மிச்சம் பிடித்த உருண்டைகளோடு முயல்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் அது. உருண்டையைத் தொடுமுன் பெரிதும் சிறிதுமாக எல்லா முயல்களும் பாறை இருக்கும் திசையைப் பார்த்துக் காதுகளை மடக்கிக் கும்பிட்டன. பாறை பழுக்கிறது, எங்கள் பசி தீர்கிறது என்று முணுமுணுத்தன. தொண்டையாருக்கு ஒன்றும் புரியவில்லை. இது என்ன வழக்கம் என்று கேட்டார்.

உருண்டை பாறையில்தானே பழுக்கிறது, பழுத்ததைக் கெட்டியப்பர் பறித்துத் தருகிறார், அவருக்கும் பாறைக்கும் நன்றி சொல்கிறோம் என்றாள் நெடுஞ்செவி. நாங்கள் கொண்டுபோய் வைக்கும் புல்லரிசி பாறைக்குக் காணிக்கை என்றாள். அவள் தாய் சொன்னது அது. தாய்க்கு அவள் தாய் சொன்னது. ஒரு குட்டி ஒருமுறை கெட்டியப்பரிடமே நேரில் கேட்டதாம், இது பாறையில் பழுத்ததா என்று. அவர் இல்லை என்று சொல்லவில்லையாம். நாக்கை நீட்டினாராம். உடும்பு எதற்குத்தான் நாக்கை நீட்டாது?

தொண்டையாருக்கு ரத்தம் தலைக்கேறியது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் அங்கேகூடத் தேங்காய் கடையில் இருந்து வந்தது என்று ஊருக்குத் தெரியும். இங்கே தேங்காயே பிள்ளையார் வயிற்றில் காய்த்ததாகச் சொல்கிறார்களே!

"அது பாறையில பழுக்கலம்மா. எங்க ஏரியில விளைஞ்சது" என்றார். தலைமுறை தலைமுறையாக யாரும் மீறாத விதியை அந்த இடத்தில் மீறினார்.

முயல்கள் சிரித்தன. துள்ளான் என்று ஒரு கிழமுயல். அது துள்ளி வெகுகாலம் ஆயிற்று. சிரிப்பு மட்டும் இன்னும் துள்ளியது.

"ஏரிக்காரரே, விட்டா நிலாவும் உங்க ஏரியிலதான் முளைக்குதுன்னு சொல்வீங்க போலிருக்கு. ஏரியில தவளையைத் தவிர என்னய்யா விளையும்?"

தொண்டையார் தமக்குப் போட்ட உருண்டையை அலகால் இரண்டாகப் பிளந்தார். பிளந்த பக்கத்தைத் துள்ளானின் மூக்கருகே தள்ளினார்.

"மோந்து பாருங்க பெரியவரே. துறையில தண்ணி குடிக்கிறீங்களே, அந்தச் சேத்து வாசனை தெரியுதா இல்லையா? பாறைக்கு ஏது சேறு?"

முயலின் மூக்கு பொய் சொல்லாது. துள்ளான் மோந்தார். மறுபடி மோந்தார். மீசை நடுங்கியது. நெடுஞ்செவியும் மோந்தாள். குட்டிகளும் மோந்தன. நாள்தோறும் குடித்த தண்ணீரின் வாசனைதான். இத்தனை காலம் மூக்கின் அடியில் இருந்தும், எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாத வாசனை.

தொண்டையார் விடவில்லை. மழைக்குப் பின் சேற்றில் இறங்கிக் கொத்துவதைச் சொன்னார். கொட்டையைச் சுமந்து பாறை ஏறுவதைச் சொன்னார். கொத்திக் கொத்தித் தேய்ந்த தம் அலகைக் காட்டினார். குரங்குகள் உருட்டுவதையும் சொன்னார். அத்திப்பழம் குன்றினுடையது, ஒரு சிறங்கைப் புல்லரிசி உங்களுடையது, மற்றதெல்லாம் எங்களுடையது என்றார். வாழ்நாளெல்லாம் பாறையிடம் சொன்னதை முதல்முறையாகக் காது உள்ளவர்களிடம் சொன்னார்.

சொல்லி முடித்தபோது ஒருவரும் மென்றுகொண்டிருக்கவில்லை. துள்ளான் தம் உருண்டையைக் காலால் தள்ளி வைத்தார்.

"அப்போ நாங்க இத்தனை காலமும் தின்னது பிச்சையா?" என்று கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

ஒரு தாய் தன் குட்டியின் வாயிலிருந்து உருண்டையை வெளியே எடுத்தது. குட்டி அழுதது. தாய் திருப்பித் தரவில்லை. தூரத்தில் இருந்த முயல்களுக்கும் செய்தி பரவியது. செடிக்குச் செடி உருண்டைகள் தரையில் தனியே கிடந்தன.

தொண்டையார் அதைப் பார்த்தார். முன்னோர் ஏன் பெயரை மறைத்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இப்போது அவர் ஆமாம் என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். முயல்கள் மானஸ்தர்கள். இனிப் பாறைப் பக்கம் திரும்பமாட்டார்கள். ஏரியின் கொட்டை ஏரிக்கே. ஏரிக் குஞ்சுகள் பிழைக்கும். வாழ்நாள் போராட்டம் வென்றுவிடும். முள்கூட வேண்டியதில்லை.

வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரவில்லை.

எப்படி வரும்? ஒற்றைக்காலில் நின்று, பட்டினி கிடந்து, வாலடி பட்டு அவர் கத்தியது வேறு வார்த்தை அல்லவா? கூட்டில் இருக்கிற ஏரிக்குப் பங்கு உரிமை என்றால், அதே கூட்டில் இருக்கிற பொட்டலுக்கு மட்டும் அது எப்படிப் பிச்சையாகும்? தம் முழக்கத்தைத் தாமே பொய்யாக்கிவிட்டு ஏரிக்குத் திரும்பிப் போய் எந்த முகத்தோடு நிற்பது? தொண்டையார் ஏழை, கிழவர், நொண்டி. ஆனால் சொன்ன சொல்லை விழுங்கியவர் இல்லை.

"பிச்சை இல்லை பெரியவரே. பங்கு" என்றார். "கூட்டுன்னு ஒண்ணுல சேர்ந்தாச்சுன்னா, விளையாத மண்ணுக்கும் அதுல பங்கு உண்டு. நாங்க அதைக் குத்தம் சொல்லல. அந்தக் குட்டிக்குத் திருப்பிக் குடும்மா, அழுவுது பாரு."

தாய்முயல் துள்ளானைப் பார்த்தது. துள்ளான் தலையசைத்தார். குட்டி உருண்டையைக் கவ்விக்கொண்டது.

பிறகு தொண்டையார், சொல்ல வந்ததையும் மறைக்காமல் சொன்னார். ஏரி வற்றியதைச் சொன்னார். பாறை குறைக்க மறுத்ததைச் சொன்னார். துறையை முள் போட்டு அடைக்கப் போவதையும் சொன்னார். சொல்லும்போது அவருக்கே நா கூசியது.

துள்ளான் கேட்டார்: "இதை ஏன் முன்னாடியே எங்ககிட்ட வந்து சொல்லல?"

"பாறைகிட்ட சொன்னோம்."

"எத்தனை நாளா?"

"நான் குஞ்சா இருந்ததுல இருந்து."

"நல்லா இருக்குய்யா உங்க போராட்டம். பக்கத்துல இருக்கிற முயலுக்குக் காது எவ்வளவு நீளம், அதை விட்டுட்டுக் கல்லுகிட்ட கத்தியிருக்கீங்க."

தொண்டையாருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவரை அப்படி உரிமையோடு கேலி செய்தவர்கள் ஏரியிலேயே குறைவு.

நெடுஞ்செவிக்குக் கேலியில் மனம் போகவில்லை. அவள் உடைந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் அம்மா செத்துப்போன வருஷம் இதைத் தின்னுதான் நான் பிழைச்சேன். யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாம கல்லைக் கும்பிட்டிருக்கேனேண்ணே" என்றாள். முன்னங்கால்களை மடித்துத் தொண்டையாரைக் கும்பிட்டாள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வானத்தில் பருந்து இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் மேலே பார்த்தார்.

அடுத்த நாள் அமாவாசை. பாறையடியில் மூன்று குடிகளும் கூடின. ஏரிக்காரர்கள் இறுகிய முகத்தோடு வந்தார்கள். தொண்டையார் இரவு பொட்டலிலேயே தங்கி நேராகப் பாறைக்கு வந்ததால், அவர் முடிவைச் சொல்லிவிட்டாரா, முயல்கள் சண்டைக்கு வந்திருக்கின்றனவா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கோரையாள்கூட அலகைத் தீட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

கெட்டியப்பர் பாறைமேல் ஏறி நின்று வாய்க்கணக்கைப் படித்தார். பொட்டலின் முறை வந்தது. துள்ளான் முன்னால் போய்த் தொண்டையாருக்குப் பக்கத்தில் நின்றார்.

"இந்த வருஷம் எங்களுக்குப் பாதி போதும். மீதியை ஏரிக்குக் கொடுங்க" என்றார்.

உருண்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த குரங்குகளின் கை நின்றது.

அப்படியெல்லாம் செய்ய விதியில்லை என்றார் கெட்டியப்பர். அப்படியானால் விதியை மாற்றுங்கள் என்றார் துள்ளான். எந்தக் குடிக்கு அந்த வருஷம் விளைச்சல் வாடியதோ, அதைப் பார்த்துப் பகிருங்கள், வாயை மட்டும் எண்ணாதீர்கள் என்றார். உங்கள் பேச்சைக் கேட்டுக் குஞ்சைக் குறைத்தவர்களின் கணக்கையும் குறைக்காதீர்கள் என்றார். அதெல்லாம் தொண்டையார் வாழ்நாளெல்லாம் கத்திய வாசகங்கள். ஒரு முயலின் வாயில் அவற்றைக் கேட்டபோது தொண்டையாருக்கு உடம்பு சிலிர்த்தது.

"கடைசியா ஒண்ணு. இதையெல்லாம் யார் கொடுத்ததுன்னு பேர் சொல்லிக் கொடுங்க."

கெட்டியப்பர் விறைத்தார். பெயர் சொல்லக் கூடாது என்பது முன்னோர் வைத்த விதி, அதை மட்டும் நான் மீறமாட்டேன் என்றார்.

"முன்னோர், கொடுத்தவங்க பேரைத்தான் மறைக்கச் சொன்னாங்க, ஐயா. அந்த இடத்துல உங்க பேரை வைக்கச் சொல்லலையே" என்றார் துள்ளான்.

கெட்டியப்பர் நாக்கை நீட்டினார். இந்த முறை யாரும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குரங்கு முதலில் சிரித்தது. பிறகு, உருட்டுகிற எங்களுக்கு எல்லாம் தெரியும், யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று எல்லாக் குரங்குகளும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. இவ்வளவு நாள் எங்கே போயிற்று இந்த வாய் என்று கோரையாள் கேட்டாள். குரங்குகள் கையை நக்குவதில் மும்முரமாகிவிட்டன.

பேச்சு அன்று முழுக்க நடந்தது. எல்லாம் ஒரே நாளில் தீரவில்லை. வாடிய வருஷம் எது, வாடாத வருஷம் எது என்பதை யார் சொல்வது என்று தகராறு வந்தது. அதை மூன்று குடிகளும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வது என்று முடித்தார்கள். ஏரி அந்த ஆண்டு தன்னால் முடிந்ததை மட்டும் கொடுக்கட்டும் என்றார்கள். குரங்குகள் தங்கள் பங்கைக் கூட்டுவதற்கு முனகின. முனகிக்கொண்டே கூட்டின. ஏரிக்காரர்களில் சிலர், முயல் சொன்ன பிறகுதானே நம் நியாயம் நியாயமாயிற்று என்று மனம் புழுங்கினார்கள். தொண்டையாருக்கும் அந்தப் புழுக்கம் கொஞ்சம் இருந்தது. ஆனால் முள் போடுவதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

கெட்டியப்பரை விரட்ட வேண்டும் என்றார்கள் சிலர். தொண்டையாரே வேண்டாம் என்றார். காக்க ஒரு பிடி வேண்டும், அது அவரிடம் இருக்கிறது என்றார். ஆனால் பகிரும் நாளில் அவர் விலகி நிற்க வேண்டும். ஒவ்வொரு குடியும் தன் பங்கைத் தானே அடுத்த குடியின் முன் வைக்க வேண்டும். அன்றிலிருந்து கெட்டியப்பரை யாரும் கும்பிடவில்லை. காவலுக்கு உரிய கூலியைக் குறைவில்லாமல் கொடுத்தார்கள்.

முயல்கள் விட்டுக்கொடுத்த உருண்டைகளை அன்று மாலை ஏரிக் குஞ்சுகள் தின்றன. மறுநாள் காலையில் முயல்கள் எல்லாம் திரண்டு துறைக்கு வந்தன. தண்ணீர் குடித்துவிட்டு, கோரையைப் பார்த்துக் காதை மடக்கிக் கும்பிட்டன. நன்றி கேட்டுப் பழக்கமில்லாத கானாங்கோழிகள் வெட்கத்தில் ஆளுக்கொரு பக்கம் கோரைக்குள் ஓடி ஒளிந்துகொண்டன. கரையில் நின்றது தொண்டையார் மட்டுந்தான்.

அவரும் ஓடித்தான் இருப்பார். ஆனால் அவர் தீர்க்க வேண்டிய ஒரு கடன் இருந்தது. பெருமைக்காரருக்கு அதைச் சொல்வது எளிதாக இல்லை. அலகைத் தண்ணீரில் தோய்த்தார். எடுத்தார். மறுபடி தோய்த்தார்.

"பெரியவரே, ரொம்ப நன்றி" என்றார் கடைசியில்.

துள்ளான் வியப்போடு பார்த்தார். "இது பங்குன்னு நீங்கதானே சொன்னீங்க? பங்குக்கு எதுக்கு நன்றி?"

"பங்குக்கு இல்லை. நேத்து அந்தப் பாறைக்கு முன்னால எனக்குப் பக்கத்துல வந்து நின்னீங்களே, அதுக்கு. இத்தனை வருஷத்துல அந்த இடத்துல என் பக்கத்துல நின்ன முதல் ஆள் நீங்க."

துள்ளான் கிழட்டு உடம்பைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறி, தொண்டையாருக்குப் பக்கத்தில் மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

பங்கு கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்த கூட்டே நிலைக்கும்; நடுவில் நிற்பவரின் முகம் மட்டுமே தெரிகிற கூட்டில் கொடுத்தவருக்குக் கசப்பும் பெற்றவருக்குப் பொய்யுமே மிஞ்சும்.